தையல் ஓடும் வழி

1970, 80-களில் மாற்று இதயம் பொருத்திக்கொண்ட ஒருவரின் ஈ.சி.ஜி. தாளை முதன்முறை பார்க்கும் மருத்துவ மாணவர் சற்றுத் திகைத்துப்போவார். வழக்கமான தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு சிறு மேடு. அதற்கு 'பி அலை' என்று பெயர், இதயத்தின் மேலறைகளில் மின்சாரம் பரவுவதன் தடம் அது. அடுத்து ஊசிபோல் உயர்ந்து இறங்கும் ஒரு கூர்முனை. அது கீழறைகளில் மின்சாரம் பரவுவதன் தடம். மேடு, முனை, மேடு, முனை என்று தாள் நெடுகப் போகும்.

மாற்று இதயக்காரரின் தாளிலோ மேடுகள் இரண்டு வகை. ஒன்று ஒழுங்காகக் கூர்முனைக்கு முன்னால் வருகிறது. மற்றொன்று சில இடத்தில் முனைக்கு முன்னால், சில இடத்தில் பின்னால், சில இடத்தில் முனைக்குள்ளேயே புதைந்து, எதோடும் ஒட்டாமல் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. இயந்திரக் கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். கோளாறு எதுவும் இல்லை. அந்த நெஞ்சுக்குள் உண்மையிலேயே இரண்டு தாளங்கள் ஓடுகின்றன. ஒன்று புது இதயத்தினுடையது. மற்றது, வெட்டி எடுத்த பழைய இதயத்தில் மிச்சம் வைத்த ஒரு துண்டுச் சதையினுடையது. வீட்டை விற்றுக் காலி செய்து கொடுத்த பிறகும் திண்ணையை விட்டு எழுந்திருக்காத பழைய சொந்தக்காரர் மாதிரி, அந்தத் துண்டு தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கிறது.

அவரை மாடிப்படி ஏறச் சொல்லுங்கள். வேடிக்கை இன்னும் கூடும். பழைய துண்டின் மேடுகள் உடனே நெருங்கி ஓடத் தொடங்கும், ஏனென்றால் மூளையிலிருந்து வரும் நரம்பு இன்னும் அதில்தான் முடிகிறது. ரத்தத்தை உண்மையில் இறைத்துக்கொண்டிருக்கும் புது இதயம் மட்டும் சில நிமிடங்கள் சென்றுதான் வேகம் பிடிக்கும்.

மாற்று இதயம் பெற்றவர்களில் சிலருக்குப் பிறகு ஏன் நிரந்தர பேஸ்மேக்கரும் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கான விடை இந்த இரட்டை மேடுகளிலேயே பாதி இருக்கிறது.

கடிகாரம் இருக்கும் இடம்

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. நரம்பு எல்லாவற்றையும் அறுத்து வெளியே எடுத்தாலும், ரத்தமும் ஆக்சிஜனும் கிடைத்தால் அது துடிக்கும். அந்தத் தாளம் எங்கே பிறக்கிறது என்பதைத் தேடியவர்களில் இருவர் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக். கீத் பெயர்பெற்ற உடற்கூறியலாளர். பிளாக் அப்போது மருத்துவ மாணவர். 1906-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் கீத்தின் வீட்டில், ஓர் அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பிளாக், வலது மேலறையில் மேற்பெருஞ்சிரை வந்து சேரும் மூலையில் விசித்திரமான ஒரு திசுக்கொத்தைக் கண்டார். மறுவருடம் இருவரும் அதை உலகுக்கு அறிவித்தார்கள். சைனஸ் கணு என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

வளர்ந்த மனிதரில் இந்தக் கணு ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம். சுவரின் ஆழத்தில் பத்திரமாக இல்லை. இதயத்தின் வெளியுறைக்குச் சற்றே கீழே, கிட்டத்தட்ட மேற்பரப்பிலேயே கிடக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுவருவது மெல்லிய ஒரே தமனி. பெரும்பாலோருக்கு அது வலது கரோனரி தமனியிலிருந்து பிரிகிறது, மற்றவர்களுக்கு இடதுபுறக் கிளையிலிருந்து. அறுவை மேசையில் கண்ணால் பார்த்து 'இதோ கணு' என்று விரல் வைக்க முடியாது. இருக்கும் இடம் தெரியும், உருவம் தெரியாது.

இந்தக் கணுவின் சொந்த வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். நரம்புகளின் பிடியை மருந்தால் முழுக்க விலக்கிவிட்டு அளந்து பார்த்தபோது, 20 வயதுக்காரரின் இதயம் நிமிடத்துக்கு 107 முறை போலவும், 50 வயதுக்காரருடையது 90 முறை போலவும் துடித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70 இருக்கிறதே என்றால், அது வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதால். மாற்று அறுவையில் அந்த நரம்பு அறுபடுகிறது. அதனால்தான் புது இதயம் ஓய்விலும் 90, 100 என்று ஓடுகிறது. கொடையாளர் இளைஞர் என்றால் இன்னும் சற்றுக் கூட.

ஆகவே, இந்தப் புது நெஞ்சில் 60 என்ற எண்ணை நாம் வேறு மாதிரி படிக்க வேண்டும். நமக்கு அது நலத்தின் அடையாளம். மாற்று இதயத்துக்கோ, கடிவாளமே இல்லாமல் அவிழ்த்துவிட்ட குதிரை நடந்து போகிறது என்று பொருள். குதிரைக்கு ஏதோ அடிபட்டிருக்கிறது.

ஒரு வெட்டுக்கோடு வளைந்த கதை

அடி எங்கே பட்டது என்று தேடினால், முதல் சந்தேகம் தையலின் மேல்தான் விழும்.

மாற்று இதயத்தை எப்படித் தைப்பது என்பதற்கான வழியை வகுத்தவர்கள் ஸ்டான்ஃபோர்டின் நார்மன் ஷம்வேயும் ரிச்சர்ட் லோயரும். 1960-இல் அவர்கள் வெளியிட்ட நாய்ச் சோதனைகளில், இதயம் மாற்றப்பட்ட நாய்கள் மூன்று வாரம் வரை உயிரோடு இருந்தன. அவர்களுடைய சாமர்த்தியம் எதில் என்றால், வேலையைக் குறைத்ததில். இதயத்துக்குள் வந்து சேரும் சிரைகள் ஆறு: உடலிலிருந்து வரும் இரண்டு பெருஞ்சிரைகள், நுரையீரலிலிருந்து வரும் நான்கு. ஆறையும் தனித்தனியாக அறுத்துத் தைத்தால் நேரம் போதாது. அதனால் அவர்கள் பழைய இதயத்தின் மேலறைகளின் பின்சுவரை, சிரைகள் வந்து சேரும் பகுதியோடு, அப்படியே விட்டுவைத்தார்கள். புது இதயத்தின் மேலறைகளின் பின்பக்கத்தைத் திறந்து, அந்த மிச்சச் சுவரின் விளிம்போடு சுற்றித் தைத்தார்கள். ஆறு தையலுக்குப் பதில் இரண்டு பெரிய தையல். அதன் பிறகு பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் ஒவ்வொன்று. முடிந்தது.

விட்டுவைத்த அந்தப் பின்சுவரில்தான் பழைய சைனஸ் கணு இருந்தது. தொடக்கத்தில் பார்த்த ஒட்டாத மேடுகள் அதன் வேலை. தையல் ஆறியபின் அந்தக் கோடு தழும்பாகிறது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. பழைய கணுவின் உத்தரவு அந்தத் தழும்பு வரப்போடு நின்றுவிடுகிறது.

பிரச்சினை வரப்பின் மறுபக்கத்தில். புது இதயத்தின் வலது மேலறையைத் திறக்கத் தொடக்கத்தில் கீழ்ப்பெருஞ்சிரையின் வாயிலிருந்து மேற்பெருஞ்சிரையின் வாய்க்கு நேராக வெட்டினார்கள். கணு குடியிருக்கும் மூலைக்கே கத்தி போகும் வழி அது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்த கிறிஸ்டியன் பர்னார்டின் பெயரைத் தாங்கிய திருத்தம் ஒன்று இங்கே வருகிறது. வெட்டைக் கீழ்ப்பெருஞ்சிரையில் தொடங்கு; ஆனால் மேலே நேராகப் போகாதே; வளைத்து மேலறையின் காதுமடல் போன்ற முன்பகுதிக்குக் கொண்டுபோ. மேற்பெருஞ்சிரையை வெறுமனே கட்டி மூடிவிடு. கணு இருக்கும் மூலை தப்பும்.

பர்னார்டின் முதல் நோயாளி 18 நாளில் நிமோனியாவில் இறந்தார். பர்னார்டின் பெயர் வரலாற்றில் நின்றது. இந்த வளைந்த வெட்டுக்கோடு செய்தித்தாளில் வரவில்லை. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகம் முழுக்க அறுவை அரங்குகளில் கத்தி அந்தக் கோட்டிலேயே போனது.

வளைத்து வெட்டியும் தொல்லை முழுக்கத் தீரவில்லை. மூடிய மேற்பெருஞ்சிரையின் கட்டு கொஞ்சம் கீழிறங்கினால் கணுவை நெரிக்கும். நீண்ட தையலின் ஓரம் கணுவின் தமனியை இழுக்கும். இரண்டு மேலறைகளின் துண்டுகள் சேர்ந்து ஒரே பெரிய, உருமாறிய பையாகி, ரத்தம் அதில் சுழன்று நிற்கும். 1990-களின் தொடக்கத்தில் பரவத் தொடங்கிய வேறொரு முறை இதற்கு நேர்வழியில் பதில் சொன்னது: பழைய வலது மேலறையை மொத்தமாக எடுத்துவிடு. புது வலது மேலறையில் கத்தியே வைக்காதே. மேற்பெருஞ்சிரையை மேற்பெருஞ்சிரையோடும், கீழ்ப்பெருஞ்சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடும் குழாய்க்குக் குழாயாகத் தைத்துவிடு. இதற்கு இருசிரை முறை என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஷம்வே மிச்சப்படுத்திய நேரத்தில் கொஞ்சத்தை இது திருப்பிக் கேட்கிறது. சிரையைத் தைத்த இடம் பின்னால் குறுகிவிடும் அபாயமும் உண்டு. ஆனால் கணுவுக்கும் தையலுக்கும் நடுவே இடைவெளி கிடைத்தது.

விளைவு எண்களில் தெரிந்தது. இரண்டு முறைகளும் கலந்து புழங்கிய காலத்து அமெரிக்கப் பதிவேட்டில், இதய மாற்று செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. பழைய முறையை மட்டும் பார்த்த சில மருத்துவமனைகளில் அது இன்னும் அதிகம். இருசிரை முறையில் அந்தக் கணக்கு நூற்றுக்குச் சிலர் என்ற அளவுக்கு இறங்கியது. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. தையல் சில சென்டிமீட்டர் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

பனிக்கட்டியும் பழைய மருந்தும்

தையலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் போதாது. கொடையாளரின் நெஞ்சில் இதயத்தை நிறுத்த, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள். பிறகு பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பயணம். ரத்த ஓட்டமில்லாமல் குளிரில் கிடக்க, பொதுவாக நான்கு மணி நேரம் வரைதான் அனுமதிக்கிறார்கள். சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு 'கிரீன் காரிடார்' ஒதுக்கும் செய்தியைப் படிக்கும்போது, அந்த ஓட்டம் இந்த நான்கு மணி நேரக் கணக்கோடுதான் என்பதை நினைத்துக்கொள்ளலாம். தசையைப் போலவே கணுவும் இந்தப் பட்டினியில் சோர்கிறது. கொடையாளருக்கு வயது கூடக்கூட, கணு எழுந்து நிற்கத் திணறும் வாய்ப்பும் கூடுகிறது.

இன்னொரு காரணி பெறுபவரின் உடலிலேயே ஒளிந்திருக்கிறது. செயலிழந்த பழைய இதயத்தில் தாளக் கோளாறு அடிக்கடி வரும். அதை அடக்கப் பலருக்கு மாதக்கணக்கில் அமியோடரோன் என்ற மாத்திரை கொடுத்திருப்பார்கள். இது கொழுப்பில் போய்ச் சேர்ந்து தங்கும் மருந்து. நிறுத்திய பிறகும் உடலைவிட்டுப் போக வாரங்கள், மாதங்கள் ஆகும். அறுவை முடிந்து ரத்தம் புது இதயத்துக்குள் பாய்ந்ததும், பழைய இதயத்துக்காக விழுங்கிய மாத்திரை புது இதயத்தின் கணுவை அமுக்குகிறது. அந்த இதயம் ஒருநாளும் கேட்டிராத மருந்து.

ஐ.சி.யூ.வில் ஒரு சின்னப் பெட்டி

அறுவை முடிந்து நெஞ்சை மூடும் முன், வலது மேலறையின் மேலும் கீழறையின் மேலும் மெல்லிய கம்பிகளைத் தைத்து, விலா எலும்புக்குக் கீழே தோல் வழியாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். கட்டிலின் ஓரத்தில் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியோடு அவற்றை இணைக்கிறார்கள். தற்காலிக பேஸ்மேக்கர் அது. பெட்டியில் வேகத்துக்கு ஒரு குமிழ், மின்சாரத்தின் அளவுக்கு ஒரு குமிழ். வேகத்தை 90-க்கும் 110-க்கும் நடுவில் வைக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு? பனியிலிருந்து வந்த இதயத்தின் சுவர் முதல் சில நாள் விறைத்திருக்கும். ஒரு துடிப்புக்கு நன்றாக இருக்கும் இதயம் 70 மில்லி லிட்டர் இறைத்தால், விறைத்தது 40 இறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 துடித்தால் 2.4 லிட்டர், உடலுக்குப் போதாது. 100 துடித்தால் 4 லிட்டர். வாளி சின்னதானால் கிணற்றில் அடிக்கடி இறைக்க வேண்டும்.

தினமும் காலையில் ஒரு சோதனை நடக்கும். மருத்துவர் குமிழை மெல்லத் திருப்பி வேகத்தைக் குறைப்பார். 90... 80... 70. எல்லாருடைய கண்ணும் திரையில் இருக்கும். பெட்டியின் கூர்க்கோடுகள் மறைந்து, இதயத்தின் சொந்த மேடுகள் தலைகாட்டுகின்றனவா? காட்டினால், எத்தனையில்? ஒன்றும் வராமல் கோடு நீண்டுகொண்டே போனால் குமிழ் விறுவிறுவென்று மேலே திரும்பும். நாளைக்குப் பார்க்கலாம்.

இதயம் தளர்ந்து துடிக்கும் யாருக்கும் அவசரத்தில் முதலில் போடும் ஊசி அட்ரோபின். இங்கே அதைப் போட்டால் பலன் இல்லை. அட்ரோபின் வேகஸ் நரம்பின் கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்து. இந்த இதயத்திலோ அவிழ்க்கக் கடிவாளமே கிடையாது. அட்ரினலினைப் போல நேரடியாகக் கணுவின் மேல் வேலை செய்யும் ஐசோபிரினலின்தான் இங்கே கைகொடுக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்குத் தெரிந்த தியோஃபிலினும் சிலருக்குக் கணுவைத் தட்டி எழுப்பியிருக்கிறது.

காத்திருப்பா, கம்பியா

நிரந்தர பேஸ்மேக்கர் கதையில் ஒரு சுவாரசியமான ஒற்றுமை. 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் உலகிலேயே முதன்முறையாக ஒரு மனித உடலுக்குள் முழுக்கப் பேஸ்மேக்கரைப் புதைத்தவர் அறுவை நிபுணர் ஓகே செனிங். கருவியைச் செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். அதைப் பெற்ற ஆர்னே லார்சனுக்கு அப்போது வயது 43. முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது, மாற்றிவைத்தார்கள். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாறின. லார்சன் 2001 வரை வாழ்ந்தார், தன்னைக் காப்பாற்றிய இருவரும் போன பிறகும். அதே செனிங்தான் 1969-இல் சூரிச்சில் சுவிட்சர்லாந்தின் முதல் இதய மாற்றையும் செய்தார். கடிகாரம் பழுதானால் கடிகாரத்தை மட்டும் வைப்பது, வீடே இடிந்தால் வீட்டை மாற்றுவது என்ற இரண்டு கலைகளும் ஒரே கையில் இருந்தன. இரண்டும் ஒரே நெஞ்சில் சேரும்போது வருகிற கேள்வியைப் பிந்தைய தலைமுறை சந்தித்தது: எப்போது வைப்பது?

சோர்ந்துபோன கணு பெரும்பாலும் எழுந்துவிடுகிறது. வீக்கம் வடிகிறது, அமியோடரோன் கரைகிறது, தமனியில் ஓட்டம் சீராகிறது. சிலருக்கு ஒரு வாரம். சிலருக்கு ஓரிரு மாதம். பொறுமையிழந்து முதல் வாரங்களிலேயே பேஸ்மேக்கர் வைத்துவிட்ட காலத்தில், சில மாதம் கழித்துப் பரிசோதித்தபோது அந்த நோயாளிகளில் பலருக்குக் கருவி வேலையே இல்லாமல் சும்மா இருந்ததைக் கண்டார்கள். அதற்காக, தோலைத் துளைத்து வெளியே வரும் தற்காலிகக் கம்பியை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடலில் அந்தத் துளை கிருமிக்குத் திறந்த கதவு. கம்பியின் பிடியும் நாளுக்கு நாள் தளரும். சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுச் சங்கம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த இழுபறிக்கு ஒரு கோடு போட்டது: மூன்று வாரம் கடந்தும் கணு தேவைக்கேற்ப வேகம் கூட்டாவிட்டால், நிரந்தரக் கருவி.

வைக்கும் வேலையிலும் மாற்று இதயத்துக்கே உரிய பொறிகள் உண்டு. பழைய முறையில் தைத்த நெஞ்சில், சிரை வழியாக உள்ளே போகும் கம்பி முதலில் நுழைவது மிச்சம் வைத்த பழைய மேலறைத் துண்டுக்குள். அங்கேயே நுனியைப் பதித்துவிட்டால், கருவி திண்ணைக்காரரைத்தான் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் சத்தம் போகாது. வரப்பைத் தாண்டிப் புது மேலறையில் பதிக்க வேண்டும். இந்தத் தொல்லையையே வசதியாக்கிக்கொள்ளவும் சிலர் முயன்றார்கள். பழைய துண்டுக்கு மூளையின் உத்தரவு இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது? அதில் ஒரு கம்பி, புது மேலறையில் ஒரு கம்பி. பழையது துடித்தவுடன் கருவி புதியதைத் தட்டும். மாடிப்படி ஏறும்போது மூளை சொல்வது, வரப்பைத் தாண்டி, மின்கம்பி வழியாகப் புது இதயத்துக்கு எட்டும். வேலை செய்தது. ஆனால் பழைய துண்டையே மிச்சம் வைக்காத இருசிரை முறை பரவியதும் இந்தத் தந்திரத்துக்கு அவசியம் குறைந்துபோனது.

அடுத்தது பயாப்சி. உடல் புது இதயத்தை நிராகரிக்கிறதா என்று பார்க்க, முதல் வருடத்தில் பலமுறை கழுத்துச் சிரை வழியாக மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு வலது கீழறையிலிருந்து கடுகளவு சதையை எடுக்கிறார்கள். பேஸ்மேக்கரின் கம்பியும் அதே வட்டாரத்தில்தான் கிடக்கிறது. இடுக்கி தவறிக் கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டால் நுனி பெயர்ந்துவிடும். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி இடுக்கியை வேறு பக்கம் திருப்புவது அந்த அறையில் இருப்பவர்களின் அன்றாடக் கவனம்.

வைக்காமல் காத்திருப்பதற்கும், வைத்துவிடுவதற்கும் இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஆனால் ஒரு நிலைமையில் கணக்கே வேறு. அறுவை முடிந்து மாதங்கள், வருடங்கள் நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று துடிப்பு தளர்ந்தால், அது கணுவின் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நரம்பறுந்த இதயம் பெரும்பாலும் நெஞ்சுவலி சொல்லாது. நிராகரிப்பு தொடங்கியிருக்கலாம், கரோனரி தமனிகள் சத்தமில்லாமல் அடைபட்டுக்கொண்டிருக்கலாம். வாயில்லாத இதயம் தளர்ந்த துடிப்பால் பேசுகிறது. அங்கே பேஸ்மேக்கரை மட்டும் வைத்து அனுப்புவது, தீ பிடித்த வீட்டில் மணியைக் கழற்றி வைப்பது போலாகும்.

நல்லபடியாகப் போன ஒருவரின் கதை எப்படி முடியும்? பேஸ்மேக்கர் வைத்தவர் சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவார். தொழில்நுட்பர் காந்தத் தகடு போன்ற ஒன்றை அவர் தோளருகே வைப்பார். கணினித் திரையில், கடந்த மாதங்களில் எத்தனை சதவீதத் துடிப்பைக் கருவி கொடுத்தது, எத்தனையை இதயமே கொடுத்தது என்ற கணக்கு வரும். முதல் முறை 90 சதவீதம் கருவியுடையது. அடுத்த முறை 40. அப்புறம் 6. ஒருநாள் அந்தக் கட்டத்தில் ஒன்றுக்கும் கீழே வரும்.

கம்பி இதயச் சுவரோடு ஒட்டி வளர்ந்துவிட்டதால் அதை வெளியே எடுக்கும் எண்ணம் யாருக்கும் வராது. பேட்டரி தீரும் நாளில் மருத்துவர் அந்தப் பழைய கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பார். புதியது வைக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். முன்பொரு காலத்தில் அறுவை மேசையில் யாரோ ஒருவர் தையலைக் கணுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓட்டியிருந்தார், ஐ.சி.யூ.வில் யாரோ ஒருவர் குமிழைத் திருப்பிப் பார்த்து, நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தார். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இருந்தவை அவைதான்.